புழுவெட்டுக்கு ஸ்டீராய்டு: ஊசியா, களிம்பா, மாத்திரையா? (பெரியவர்களுக்கு மட்டும்)

#1 தாலுகா டாக்டர்

தோல் டாக்டர் வாரம் ஒரு நாள் மட்டும் வரும் ஊர்களில், மற்ற நாள்களில் புழுவெட்டோடு வருகிறவரைப் பொது மருத்துவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 20 முதல் 45 வயதுக்குள், தலையில் முடி கொட்டிய வட்டம் ஒன்றோ இரண்டோ, சிலருக்குத் தாடியில் ஒன்று. பாதிப் பேர் பூஞ்சைக் களிம்பு ஒரு டியூப் தீர்த்துவிட்டு வருகிறார்கள். மீதிப் பேர் சின்ன வெங்காயமும் பூண்டும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போடலாம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எவ்வளவு கலப்பது, எத்தனை குத்து, எவ்வளவு ஆழம், எப்போது நிறுத்துவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாத்திரை விஷயத்தில் அதைவிடக் குழப்பம். செய்து பழகியவர்கள் கணக்கோடு சொன்னால் உதவும். குழந்தைகளுக்கு வேறு இழை போட்டுக்கொள்வோம்.

#2 கிளினிக் டெர்மா

ஊசியை எடுக்கும் முன் அந்த வட்டத்தை லென்ஸ் வைத்து நன்றாகப் பாருங்கள். புழுவெட்டு என்றால் தோல் வழுவழுவென்று இருக்கும், செதில் இருக்காது, மயிர்க்கால் துளைகள் அப்படியே தெரியும். ஓரத்தில் நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள், நடுவில் கறுப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. ஓர முடியைச் சும்மா இழுத்தாலே கையோடு வந்தால் நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. கை நகத்தையும் பாருங்கள். நகத்தில் பொடிப் பொடிக் குழிகள் இருந்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் நோய்.

செதில், சீழ், சமமில்லாமல் முறிந்த முடி இருந்தால் முதலில் சுரண்டி எடுத்துப் பூஞ்சைக்குப் பார்க்க வேண்டும். பூஞ்சையின் மேல் ஸ்டீராய்டைக் குத்தினால் அது உள்ளே பரவும். தோல் பளபளத்துத் துளையே தெரியாவிட்டால் அது தழும்பு வழுக்கை, பயாப்ஸி தேவை. அந்துப்பூச்சி அரித்ததுபோல் தலை முழுக்கச் சின்னச் சின்னத் திட்டு என்றால் சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு கோளாறும் இதோடு சேர்ந்து வரும், டி.எஸ்.எச். ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பரப்பளவு. எந்த வழி என்பதை அதுதான் முடிவு செய்யும். பெரியவர் ஒருவரின் உச்சந்தலைத் தோல் சுமார் 600 சதுர செ.மீ. ஊசியில் ஏறக்குறைய ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு குத்து, குத்துக்கு அதிகபட்சம் 0.1 மி.லி. நாலு செ.மீ.க்கு நாலு செ.மீ. வட்டம் என்றால் 16 குத்து, 1.6 மி.லி. மி.லி.க்கு 5 மி.கி. கலவையில் அது 8 மி.கி. ஒரு அமர்வுக்கு மொத்தம் 20 மி.கி.க்குள் நிறுத்துவதுதான் பொதுவான வழக்கம்.

இப்போது தலையில் பத்தில் ஒரு பங்கு போயிருந்தால் 60 குத்து, 6 மி.லி., மி.லி.க்கு 2.5 மி.கி. கலவையில் 15 மி.கி. சமாளிக்கலாம். கால் பங்கு போயிருந்தால் 150 குத்து, அதே நீர்த்த கலவையிலும் 37.5 மி.கி. அதை மாதாமாதம் தாங்குகிற ஆளும் இல்லை, போடுகிற கையும் இல்லை. கால் பங்கைத் தாண்டினால் ஊசி தனியாக நிற்காது என்று சொல்வது இந்தக் கணக்கால்தான்.

சேதத்தை மதிப்பிட சால்ட் அளவு போதும். உச்சி 40, பின்தலை 24, பக்கத்துக்கு 18 வீதம் இரண்டு பக்கம், ஆகமொத்தம் 100. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சதவீதம் முடி இல்லையோ அதை அந்த எண்ணோடு பெருக்கிக் கூட்டுங்கள். உச்சியில் கால்வாசி போயிருந்தால் 10. கேஸ் ஷீட்டில் "பேட்ச் ப்ளஸ்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து யாருக்கும் ஒன்றும் புரியாது.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. ஒன்றிரண்டு வட்டம், வந்து சில மாதம்தான் ஆகிறது என்றால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். மருந்து வேண்டாம் என்பதும் ஒரு சிகிச்சைதான், அதை வந்தவரிடம் சொல்லியாக வேண்டும்.

#3 ஊசி அறை சிஸ்டர்

டாக்டர் கணக்கு சொல்லிட்டாங்க, கை வேலையை நான் சொல்றேன்.

மருந்து தெளிவான திரவம் இல்ல, மாவு மாதிரி அடியில தங்குற கலவை. குப்பியைக் குலுக்கணும், சிரிஞ்சுல ஏத்தின பிறகும் ஒவ்வொரு பத்துக் குத்துக்கும் ஒரு தடவை உருட்டிக் குலுக்கணும். மறந்துட்டா முதல் வட்டத்துக்கு வெறும் சலைனும் கடைசி வட்டத்துக்குக் கெட்டி மருந்தும் போகும். ஒரே ஆளுக்கு ஒரு இடத்துல முளைக்காம, இன்னொரு இடத்துல பள்ளம் விழுந்திருந்தா நான் முதல்ல கேக்குறது இதைத்தான்.

இன்சுலின் சிரிஞ்சுதான் வசதி. ஊசி அதோடயே ஒட்டியிருக்கும், அழுத்துறப்ப கழண்டு தெறிக்காது. தனி ஊசி மாட்டுறதா இருந்தா திருகிப் பூட்டுற சிரிஞ்சு எடுங்க, 30 நம்பர் ஊசி. ஆனா கோடு பாத்து எடுக்கணும். 40 யூனிட் சிரிஞ்சுல 0.1 மி.லி.ன்னா 4 கோடு. 100 யூனிட் சிரிஞ்சுல அதுவே 10 கோடு. ரெண்டும் ஒரே டிரேயில கிடந்தா கலந்துடும், ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டா வம்பில்ல.

ஆழம்: சாய்வா 3, 4 மில்லிமீட்டர் உள்ள போகணும். தோலோட அடிப்பகுதிதான் இலக்கு, முடியோட வேர்க்குமிழ் அங்கதான் இருக்கு. சரியான இடத்துல லேசான எதிர்ப்பு தெரியும். மேல வெள்ளையா கொப்புளம் மாதிரி எழும்பினா மேலாகப் போட்டுட்டீங்க, தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் சிவப்பா தெரிய ஆரம்பிக்கும். எதிர்ப்பே இல்லாம சர்ருனு போனா கொழுப்புக்குள்ள போயிடுச்சு, முடியும் வராது, பள்ளமும் விழும். குத்துக்குக் குத்து ஒரு செ.மீ. இடைவெளி. வட்டத்துக்குள்ள மட்டும் போட்டா பத்தாது, ஓரத்துலயும் ஒரு சுத்து போடணும், நோய் நகர்றது அங்கதான்.

ஸ்பிரிட் போட்டா காயட்டும், அப்புறம் குத்துங்க. ஈரத்தோட குத்தினா எரிச்சல் ரெண்டு மடங்கு. வலி தாங்காதவங்களுக்கு லிக்னோகேன், பிரிலோகேன் கலந்த களிம்பை ஒரு மணி நேரம் முன்னாடி தடவி பிளாஸ்டிக் ஒட்டிடலாம். ஐஸ் கட்டியும் வேலை செய்யும், செலவும் இல்ல.

#4 மாத்திரைப் பெட்டி

மருந்தகத் தரப்பிலிருந்து ஒரு எச்சரிக்கை. கெனகார்ட் என்ற ஒரே பெயரில் மி.லி.க்கு 10 மி.கி. குப்பியும் வருகிறது, 40 மி.கி. குப்பியும் வருகிறது. போதாக்குறைக்கு வாய்ப்புண்ணுக்கான பேஸ்டும் அதே பெயரில். மூட்டுக்குள் போடுவதற்காகக் கடைகளில் 40தான் அதிகம் இருக்கும். சீட்டில் "கெனகார்ட் ஒன்று" என்று மட்டும் எழுதினால் 40 போய்ச் சேரும். அதைப் பத்து என்று நினைத்துச் சரிபாதி சலைன் கலந்தால் கையில் இருப்பது 20 மி.கி. கலவை. பள்ளம் விழுந்த தலைகளில் பல இந்த வழியில் வந்தவை.

கலக்கும் அளவு:

10 மி.கி. குப்பி 1 மி.லி. + சலைன் 1 மி.லி. = மி.லி.க்கு 5 மி.கி.
10 மி.கி. குப்பி 1 மி.லி. + சலைன் 3 மி.லி. = மி.லி.க்கு 2.5 மி.கி.
40 மி.கி. குப்பி 1 மி.லி. + சலைன் 7 மி.லி. = மி.லி.க்கு 5 மி.கி.
40 மி.கி. குப்பி 1 மி.லி. + சலைன் 15 மி.லி. = மி.லி.க்கு 2.5 மி.கி.

40இலிருந்து கலக்கும்போது ஒரு சிறு பிழையும் பெரிதாகும். முடிந்தவரை 10 குப்பியையே வாங்குங்கள். மில்லிகிராமை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள்.

#5 பழைய ஓபி

எல்லோரும் 2.5, 5 என்று சொல்கிறீர்கள். உச்சந்தலைத் தோல் தடிமனானது. மி.லி.க்கு 10 மி.கி. போட்டுக் கொத்தாக முளைத்த தலைகள் எங்கள் துறையில் ஏராளம். நீர்த்துப் போட்டு ஆறு மாதம் இழுப்பதைவிட ஒழுங்காகப் போட்டு மூன்று மாதத்தில் முடிப்பது மேல்.

#6 கிளினிக் டெர்மா

@பழைய ஓபி ஐயா, தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் 5க்கும் 10க்கும் முளைப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தோல் மெலிவது 10இல் கூடுதல். கூடவே கணக்கும் இடிக்கிறது: 10இல் போட்டால் 20 குத்திலேயே 20 மி.கி. தீர்ந்துவிடும், அதாவது ஒரு பெரிய வட்டம்தான். 5இல் 40 குத்து கிடைக்கும். நோய் மயிர்க்காலைச் சுற்றிப் பரந்து இருக்கும்போது எனக்குத் தேவை கெட்டி அல்ல, பரப்பு.

ஒரே ஒரு வட்டம், ஆறு மாதத்துக்கு மேல் அசையாமல் இருக்கிறது, 5இல் மூன்று தடவை போட்டும் ஒன்றுமில்லை என்றால் நடு உச்சியில் 10 முயலலாம். நெற்றிக் கோட்டிலும் காதோரத்திலும் வேண்டாம், தோல் மெல்லியது.

#7 பழைய ஓபி

அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். இடைவெளியையும் எழுதிவிடுங்கள். 15 நாளுக்கு ஒரு தடவை போடச் சொல்லி நச்சரிக்கிறார்கள்.

#8 கிளினிக் டெர்மா

4 முதல் 6 வாரம். அதற்குள் முந்தைய மருந்து தோலில் இருந்துகொண்டே இருக்கும், மேலே மேலே போட்டால் பள்ளம்தான். முதல் குருத்து 4 முதல் 8 வாரத்தில் தெரியும், பெரும்பாலும் குத்திய இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக. வெள்ளை முடியாக வந்தால் பயப்பட வேண்டாம், பிறகு கறுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே வெளிச்சம், ஒரே தூரத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆறு மாதம் போட்டும் ஒன்றுமே முளைக்காவிட்டால் நிறுத்துங்கள். ஏழாவது மாதம் திடீரென்று வேலை செய்யப்போவதில்லை. பள்ளம் விழுந்த இடத்தில் அது மேடாகும் வரை, சில மாதம் ஆனாலும், திரும்பக் குத்தக் கூடாது. பெரும்பாலும் தானே நிரம்பும்.

#9 சொட்டை 2.0

டாக்டர் இல்லை, படிக்க வந்தவன். ஊசி வேண்டாம் என்பவர்களுக்குக் களிம்பு மட்டும் போதாதா? தேங்காய் எண்ணெயோடு சேர்த்துத் தடவலாமா?

#10 பிஜி டெர்மா

போதும், ஆனால் வீரியமுள்ளது வேண்டும். தலைக்கு குளோபெட்டசால் 0.05 சதவீதம், லோஷனாகவோ ஃபோமாகவோ. தினம் ஒரு வேளை அல்லது இரு வேளை, வட்டத்திலும் அதைச் சுற்றி ஒரு செ.மீ. வரையிலும். ஆள்காட்டி விரல் நுனிக் கோடு வரை பிழிந்த களிம்பு சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு கை அளவுத் தோலுக்குக் காணும். மூன்று மாதம் பார்க்கலாம். முகத்திலும் தாடியிலும் இந்த வீரியம் கூடாது.

எண்ணெயோடு வேண்டாம். எண்ணெய் தடவிய தலையில் லோஷன் வழிந்து நெற்றிக்கும் காதுக்கும் போகும், வட்டத்தில் நிற்காது. தலை குளித்துக் காய்ந்த பிறகு மருந்து. எண்ணெய் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் குளிக்கப் போகும் முன் தேய்த்துக்கொள்ளட்டும்.

முழுத் தலையும் போனவர்களுக்குப் பிளாஸ்டிக் உறை மூடிப் போடும் முறை ஒன்று உண்டு. 2003இல் இத்தாலியில் 28 பேரிடம் செய்தார்கள். குளோபெட்டசால் களிம்பு 2.5 கிராம், வாரம் ஆறு இரவு, உறைக்குள், ஆறு மாதம், பாதித் தலையில் மட்டும். 8 பேருக்கு முளைத்தது. கடைசிவரை நிலைத்தது 5 பேருக்கு. பாதித் தலையில் மட்டும் தடவியதால் மருந்து ரத்தத்தில் கலந்து வேலை செய்ததா, தோலிலேயே செய்ததா என்பதும் தெரிந்துபோனது: தடவிய பக்கம்தான் முதலில் முளைத்தது. நம் ஊர் வெயிலில் உறைக்குள் இரவெல்லாம் வேர்த்தால் வேனல் கட்டி மாதிரி மயிர்க்கால் சீழ்ப்பொட்டுகள் வரும். வந்தால் நாலைந்து நாள் நிறுத்திவிட்டு உறையில்லாமல் தொடரலாம்.

#11 மாத்திரைப் பெட்டி

@சொட்டை 2.0 ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த மூன்று-மருந்துக் களிம்பைக் கடையில் கேட்டு வாங்கித் தடவாதீர்கள். புழுவெட்டில் அந்த இரண்டாவது, மூன்றாவது மருந்துக்கு ஒரு வேலையும் இல்லை. பூஞ்சையாக இருந்தால் முதல் மருந்து அதை மறைத்துவிடும். தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018இல் அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்துவிட்டார்கள், சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

#12 தாலுகா டாக்டர்

எல்லோருக்கும் நன்றி, குப்பி விஷயம் ஒன்றுக்கே இந்த இழை தகும். இப்போது மாத்திரை. "சனி ஞாயிறு மாத்திரை" சீட்டோடு நிறையப் பேர் வருகிறார்கள். இரண்டே வட்டம் உள்ளவரும் அதில் இருக்கிறார். எப்போது நியாயம்?

#13 பழைய ஓபி

அது நம் நாட்டு முறை. டில்லி எய்ம்ஸில் தோல் மருத்துவர் பஸ்ரிச்சா கொண்டுவந்த மினி பல்ஸ். பீட்டாமெத்தசோன் 5 மி.கி., வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள், காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக. மீதி ஐந்து நாள் மருந்தில்லை. அந்த ஐந்து நாளில், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மூச்சு விட்டுக்கொள்ளும், தினசரி மாத்திரையைவிடத் தொல்லை குறைவு. சண்டிகரில் இன்னொரு விதம்: பிரெட்னிசலோன் 200 மி.கி. வாரம் ஒரே ஒரு நாள், மூன்று மாதம்.

வேகமாகப் பரவுகிற, தலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிக்கொண்டிருக்கிற, வந்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட நோய்க்கு இது நியாயம். இரண்டு வட்டத்துக்கு இல்லை.

#14 பிஜி டெர்மா

சண்டிகர் ஆய்வு 2005இல் வந்தது, 43 பேர், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. மருந்து எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சொல்லும்படி முளைத்தது, வெற்று மாத்திரையில் யாருக்கும் இல்லை. முளைத்தவர்களிலும் நாலில் ஒருவருக்குத் திரும்பக் கொட்டியது.

"மினி" என்ற பெயரை வைத்து யாரும் ஏமாற வேண்டாம், கூட்டிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன் 5 மி.கி. என்றால் பிரெட்னிசலோன் 33 முதல் 42 மி.கி.க்குச் சமம், எந்த மாற்று அட்டவணையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து. வாரம் இரண்டு நாள், 12 வாரம், 24 வேளை: 800 முதல் 1,000 மி.கி. வரை. 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி. குறைத்து ஆறு வாரத்தில் முடிக்கும் தினசரி முறையில் மொத்தம் 735 மி.கி. சண்டிகர் முறையில் 12 வாரத்துக்கு 2,400 மி.கி. பல்ஸில் அட்ரினல் ஒடுங்குவது குறைவு என்பது சரி. உடலுக்குள் போகிற மொத்த அளவு குறைவு என்பது சரியல்ல. இதோடு ஒப்பிட்டால் ஊசியில் ஒரு அமர்வின் 20 மி.கி. டிரையாம்சினலோன் என்பது பிரெட்னிசலோன் கணக்கில் 25 மி.கி.தான்.

#15 மாத்திரைப் பெட்டி

பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரையில் 5 மி.கி. என்றால் ஒரு நாளுக்குப் பத்து மாத்திரை. "10 மாத்திரை காலை" என்று சீட்டில் பார்த்துவிட்டுத் தினமும் பத்து விழுங்குகிறவர் உண்டு. பத்தா, எழுத்துப் பிழையாக இருக்கும் என்று ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கிற கடையும் உண்டு. 1 மி.கி. ஃபோர்ட்டாக இருந்தால் ஐந்து போதும். "சனி, ஞாயிறு மட்டும்" என்று தமிழில் எழுதி அடிக்கோடிடுங்கள். நாலு வாரத்துக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம்.

#16 கிளினிக் டெர்மா

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஸ்டீராய்டு முடியை முளைக்க வைக்கும், அதில் சந்தேகமே இல்லை. குறைக்கும்போது கொட்டும், அதிலும் பெரிய சந்தேகம் இல்லை. மயிர்க்காலைத் தாக்கும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களை அது அடக்கி வைக்கிறது, மனம் மாற்றுவதில்லை. அடக்குவதை நிறுத்தியதும் அவை பழைய வேலைக்குத் திரும்பும். ஆகவே "எப்படித் தொடங்குவது" என்பதைவிட "எதன் மேல் இறங்குவது" என்ற திட்டம் முதலில் வேண்டும். பரவுவதை நிறுத்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டு, அதற்குள் வேறு மருந்து வேலை தொடங்க வேண்டும். அந்த வேறு மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பது முடியைக் கடனாகத் தருவது.

காது மேலிருந்து பிடரி வரை பட்டையாகக் கொட்டுகிற ஒஃபியாசிஸ், முழுத் தலை வழுக்கை, உடல் முழுக்க முடி போனது, இவை ஸ்டீராய்டுக்குச் சரியாகப் பணிவதில்லை. மெத்தில் பிரெட்னிசலோன் 500 மி.கி. மூன்று நாள் ரத்தநாளத்தில் ஏற்றும் முறையும் அப்படித்தான்: புதிதாக வந்த பல வட்ட நோயில் பலன் உண்டு, ஒஃபியாசிஸில் ஏமாற்றம். மாதம் ஒரு தடவை இடுப்பில் 40 மி.கி. டிரையாம்சினலோன் போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. போட்டால் வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும், சர்க்கரை ஏறினாலும் திரும்ப எடுக்க முடியாது. அதை விட்டுவிடலாம்.

#17 சர்க்கரை ஓபி

எங்கள் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை. மாத்திரை தொடங்கும் முன் எடை, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை காட்டும் எச்.பி.ஏ.1.சி., ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. பிரெட்னிசலோன் 15 மி.கி.யோ அதற்கு மேலோ ஒரு மாதத்துக்குத் தொடர்ந்தால் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நம் நாட்டில் இதைத் தாண்டிப் போகவே முடியாது.

சர்க்கரையை எப்போது பார்ப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் பிரெட்னிசலோன் எடுப்பவருக்கு வெறும் வயிற்றில் 100 காட்டும், எல்லோரும் திருப்தியாகப் போய்விடுவார்கள். ஏறுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன் நீண்ட நேரம் நிற்கும் மருந்து. சனி ஞாயிறு எடுத்தால் திங்கள் காலை வெறும் வயிற்றிலும் ஏறியிருக்கும். சர்க்கரை நோயாளிக்குத் தலையில் போடும் ஊசிகூடச் சில நாள் சர்க்கரையை ஏற்றலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

தினசரி மாத்திரை மூன்று வாரத்தைத் தாண்டினால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் போகும் என்று தெரிந்தால் கால்சியம் உணவோடு சேர்த்து நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி., வைட்டமின் டி 600 முதல் 800 யூனிட். இடுப்பு மூட்டிலோ தொடை இடுக்கிலோ புது வலி வந்தால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், தொடை எலும்புத் தலை சாவது ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

#18 தாலுகா டாக்டர்

@கிளினிக் டெர்மா "எதன் மேல் இறங்குவது" என்றீர்களே, அதையும் சொல்லிவிடுங்கள்.

#19 பிஜி டெர்மா

நான் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனி இழைக்கான விஷயம். நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள், 15 முதல் 25 மி.கி. 2023இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் முழு வழுக்கை ஆனவர்களுக்கு அது தனியாக ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. குறைந்த அளவு பிரெட்னிசோனோடு சேர்ந்தபோது ஒரு பகுதியினருக்கு முடி முழுதாகவே வந்தது. வாரம் ஒரு நாள் என்பதைத் தினமும் என்று எடுத்தால் உயிரே போகும், மாத்திரைப் பெட்டி சொன்ன அடிக்கோடு இதற்குத்தான் முதலில் வேண்டும்.

நோயெதிர்ப்பு அணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கும் ஜாக் தடுப்பான் மாத்திரைகள் இன்னொரு வழி. பாரிசிட்டினிபுக்கு 2022 ஜூனில் அமெரிக்காவில் பெரியவர்களின் கடும் புழுவெட்டுக்கு அனுமதி கிடைத்தது, ரிட்லெசிட்டினிபுக்கு 2023 ஜூனில். பாரிசிட்டினிப் 4 மி.கி. எடுத்தவர்களில் 36 வாரத்தில் சால்ட் 20க்குள் வந்தவர்கள் ஒரு ஆய்வில் 38.8 சதவீதம், இன்னொன்றில் 35.9. வெற்று மாத்திரையில் 6.2, 3.3. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் எல்லோரும் பாதித் தலைக்கு மேல் இழந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊரில் டோஃபாசிட்டினிப் 5 மி.கி. இரு வேளை என்று அனுமதிக்கு வெளியே நிறையப் பயன்படுத்துகிறார்கள். காசநோய்ப் பரிசோதனை, ரத்தக் கொழுப்பு, ரத்தம் உறையும் ஆபத்து எல்லாம் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். நிறுத்தினால் இதிலும் கொட்டும்.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவருக்கு இந்த இரண்டு வகையும் கூடாது.

#20 மாத்திரைப் பெட்டி

ஒரு மருந்துச் சேர்க்கை பற்றிச் சொல்ல விட்டுப்போனது. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் எடுக்காத ஆளைக் கண்டுபிடிப்பதே இப்போது கஷ்டம். அது டிரையாம்சினலோனையும் மெத்தில் பிரெட்னிசலோனையும் கல்லீரல் உடைக்க விடாது. தலையில் போட்ட சாதாரண ஊசி அளவே முகம் வீங்கும் அளவுக்கு உடலில் தேங்கும். எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனாவிர் எடுப்பவருக்கும் இதே ஆபத்து. நேர்மாறாக, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்குப் பிரெட்னிசலோன் பாதி வேலைதான் செய்யும். ஊசிக்கு முன் "வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள். "படை, அரிப்புக்கு ஏதாவது?" என்று கேளுங்கள், கைப்பையிலிருந்து பட்டை வரும்.

#21 தாலுகா டாக்டர்

கடைசியாக, தாடிக்கும் புருவத்துக்கும் அளவு? இதைத் தாலுகாவில் செய்யலாமா, அனுப்பிவிடுவதா?

#22 ஊசி அறை சிஸ்டர்

தாடிக்கு 2.5 மி.கி. கலவை, அதுக்கு மேல வேணாம். குத்துக்கு 0.05 மி.லி., அதாவது 40 யூனிட் சிரிஞ்சுல 2 கோடு. தாடையில தோல் மெல்லிசு, பள்ளம் விழுந்தா எல்லாருக்கும் தெரியும்.

புருவம்னா அதே 2.5 கலவை, ஒரு புருவத்துக்கு மொத்தமே 0.5 மி.லி., அஞ்சாறு குத்தாப் பிரிச்சு. எலும்பு மேட்டு மேல விரலை வச்சுத் தோலைத் தூக்கிப் பிடிச்சு, பின்னுக்கு இழுத்து ரத்தம் வருதான்னு பாத்து, மெதுவா. வேகமா அழுத்துனா மருந்துத் துகள் ரத்தக்குழாய்ல பின்னோக்கிப் போய்க் கண் பார்வையே போன கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. அபூர்வம்தான், ஆனா போனா திரும்பாது.

#23 கிளினிக் டெர்மா

தலையும் தாடியும் தாலுகாவில் தாராளமாகச் செய்யலாம். புருவத்தை அனுப்பிவிடுங்கள், கண் அழுத்தம் உள்ளவர்களைக் கண்டிப்பாக. ஒஃபியாசிஸ், நகமும் சேர்ந்து கெட்டது, மாதத்துக்குள் சால்ட் இரட்டிப்பானது, இவையும் காத்திருக்காமல் போகட்டும். சீட்டில் சால்ட் எண், தொடங்கிய மாதம், இதுவரை போட்ட ஊசி எத்தனை மி.கி., எந்தத் தேதியில் என்பதை எழுதுங்கள். "ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு வந்தால் நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.